தண்ணீர் விலகிய குளமும் நாவல் மரத்தடிச் சட்டமும்

சட்டம், நியாயம் என்பதெல்லாம் பெரிய வார்த்தைகள். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. தெரிந்த வரையில் சொல்கிறேன்.

ஒரு காட்டில் ஒரு குளம் இருந்தது. மழைக்காலத்தில் அதன் தண்ணீர் கரையில் நின்ற நாவல் மரத்தின் வேர்வரை தளும்பும். அப்போது மிருகங்கள் கூடி ஒரு சட்டம் போட்டன. "நாவல் மரத்தடியில் நிற்பவர் மேல் பல்லோ, நகமோ, கொம்போ படக்கூடாது!" சட்டத்தைக் காக்கும் வேலை உடும்புக்கு.

கோடை வந்தது. தண்ணீர் வற்றி, மரத்தை விட்டு இருநூறு அடி தள்ளிப் போய்விட்டது. மரத்தடியில் வெடித்த மண்தான் மிச்சம்.

சிறுத்தை தண்ணீர் ஓரத்தில் வந்து படுத்துக்கொண்டது. முதல் நாளே ஒரு முயலைப் பிடித்துத் தின்றது.

குட்டியோடு வந்த புள்ளிமான் புதருக்குள்ளிருந்து கேட்டது. "அண்ணே, இது சட்டத்துக்கு விரோதம் இல்லையா?"

"மரத்தடிக்குப் போய் நில், தங்கச்சி! அங்கே உன்னைத் தொட்டால் கேள்!"

"அங்கே தண்ணீர் இல்லையே!"

"சட்டத்தில் தண்ணீரைப் பற்றிப் பேச்சே இல்லையே!" என்று சிறுத்தை சிரித்தது.

மான் உடும்பிடம் ஓடியது. "ஐயா, தாகத்துக்கு வருகிறவர்கள் பயமில்லாமல் குடிக்கத்தானே அந்தச் சட்டம்?"

"எதற்காகப் போட்டார்கள் என்பது என் வேலை இல்லை, அம்மா. மரத்தடி என்றால் மரத்தடி!"

"இது நியாயமா?"

"நியாயத்தை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வீர்கள். சட்டம் ஒன்றுதான்!"

இரண்டு நாளாகத் தண்ணீர் காணாத குட்டி, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு தாயின் காலில் சாய்ந்தது. மான் திரும்பி நடந்தது. நாலடி போனதும் நின்றது.

"ஐயா, கொம்புக்கும் மரத்தடியில் மட்டும்தானே தடை?"

"ஆமாம்."

"தண்ணீர் ஓரத்தில்?"

"தடை இல்லை."

மான் நேரே காட்டெருமையிடம் போய் விஷயத்தைச் சொன்னது. போன வருஷம்தான் சிறுத்தை அதன் கன்றைத் தின்றிருந்தது.

"அப்படியா சங்கதி! சட்டம் சட்டம் என்று இத்தனை நாள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தேனே!" என்றது எருமை.

மறுநாள் காலை சிறுத்தை தண்ணீரில் வாய் வைக்கக் குனிந்தது. பன்னிரண்டு எருமைகள் சுற்றி வளைத்துக் கொம்பைத் தாழ்த்தின.

"சட்டம்! சட்டம்!" என்று அலறியது சிறுத்தை.

"மரம் அதோ இருக்கிறது, தம்பி! அங்கே போய் நில்லுங்கள். ஒரு கொம்பும் படாது!" என்றது காட்டெருமை.

"அங்கே போய் மண்ணையா நக்குவேன்? தாகத்துக்கு வந்தவனை முட்டுவது நியாயமா?"

புதரிலிருந்து மான் எட்டிப் பார்த்தது. "இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள், அண்ணே! உடும்பு ஐயாவுக்குக் காதில் விழட்டும்!"

அலறல் கேட்டு வந்து சுற்றி நின்ற மிருகங்கள் எல்லாம் சிரித்துவிட்டன. உடும்பு கூடத் தலையைச் சொறிந்தது.

அன்றே எல்லாரும் கூடினார்கள். சட்டத்தை மாற்றச் சொல்லி முதலில் கேட்டது சிறுத்தைதான்! "தண்ணீர் எங்கே நிற்கிறதோ, அங்கிருந்து நூறு அடி வரை யாரும் யாரையும் தொடக்கூடாது" என்று உடும்பு அறிவித்தது.

குட்டி வயிறு முட்டக் குடித்தது. மானுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஆனாலும் சிறுத்தையின் கண் குட்டி மேலேயே இருந்ததை மான் பார்த்துவிட்டது. அதனால் அன்று முதல் எருமைகள் தண்ணீருக்கு இறங்கும் நேரத்தில்தான் மானும் இறங்கியது. குட்டியை இரண்டு எருமைகளுக்கு நடுவில் விட்டுத்தான் குடிக்க வைத்தது.

யாரைக் காக்க வந்தோம் என்பதை மறந்துவிட்ட சட்டம், கடைசியில் ஒருவரையும் காக்காது.