கொட்டிவிட்ட கஷாயம்

"என் மருந்தைக் கொட்டிட்டு விஷத்தை மட்டும் விட்டா அது எப்படி டீச்சர் பிழைக்கும்? நீங்களே சொல்லுங்க."

தாசையன் ஆசான் இதைக் கேட்பது மூன்றாவது தடவை. டீச்சர் பிரிசில்லா காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளவில்லை. ஆய்வுத் தட்டிலிருந்த கஷாயத்தைக் குழலால் உறிஞ்சி எடுத்தாள், கொட்டினாள், தட்டைக் கழுவினாள். ஒரு தடவையல்ல, மூன்று தடவை.

மார்த்தாண்டம் பக்கம் நாலு ஊருக்குச் சித்த வைத்தியர் அவர். வயது ஐம்பத்தெட்டு. அவளுக்கு முப்பத்தாறு. ஆய்வுக்கூடத்தில் வயதைப் பார்த்துக்கொண்டிருந்தால் வேலை நடக்குமா? அவள் சொல்லித் தந்தாள், அவர் கையுறை மாட்டிக்கொண்டு படித்தார்.

வந்ததெல்லாம் தங்கை ஞானப்பூவுக்காக. முற்றிய சர்க்கரை. இடது காலில் இரண்டு விரலை எடுத்தாயிற்று, மீதிக்கும் ரத்தம் சரியாகப் போகவில்லை. தன் கடுக்காய்க் கஷாயம் ரத்தக்குழாயைக் காக்குமா என்று கண்ணால் பார்க்காமல் அவளுக்கு ஒரு சொட்டும் கொடுப்பதில்லை என்று உட்கார்ந்துவிட்டார்.

தட்டின் அடியில் ஒட்டியிருந்தவை ரத்தக்குழாயின் உள்சுவர்ச் செல்கள். ஏதோ ஒரு பிள்ளை பிறந்தபின் குப்பைக்குப் போகவிருந்த தொப்புள்கொடியில் எடுத்தவை.

முதல் வாரம் ஆசான் காய்ச்சியது காய்ச்சியபடி ஊற்றி மொத்தக் கூட்டத்தையும் கொன்றார்.

"வைத்தியம் பாத்தாச்சு. நோயாளிதான் இல்ல" என்றாள் டீச்சர்.

அடுத்த வாரம் சொட்டுச் சொட்டாக நீர்த்து, விஷத்தோடு சேர்த்து விட்டார். செல்கள் பிழைத்தன. ஆசானுக்குத் தலைகால் புரியவில்லை.

"உங்க மருந்தும் விஷமும் வெளியிலேயே சண்டை போட்டுத் தீந்திருக்கும். செல்லுக்குச் சேதியே தெரிஞ்சிருக்காது" என்றாள்.

அதனால்தான் இன்றைக்கு இந்தக் கொட்டல். ஒரு நாள் முழுக்கக் கஷாயத்தில் இருந்த தட்டைக் கழுவி, வெறும் விஷத்தை விட்டாள். புண் கழுவும் பெராக்சைடுதான். சர்க்கரை முற்றினால் குழாய்க்குள் ஊறுவதும் இந்த ஜாதி விஷமே. கஷாயமே காணாத இன்னொரு தட்டிலும் அதே அளவு விட்டாள்.

"வீணாப் போச்சு" என்றார் ஆசான்.

"போகட்டும். நாளைக்கு வாங்க."

மறுநாள் காலையில் நுண்ணோக்கியில் குனிந்தார். கஷாயம் காணாத தட்டில் செல்கள் சுருண்டு, பிடிவிட்டு மிதந்தன. எதிர்பார்த்ததுதான். மற்றதை வைத்தார்.

தளம் பாவிய கல்போல, ஒன்றோடொன்று தோள் ஒட்டி, அத்தனையும் கிடந்தன. அசையாமல், உயிரோடு.

ஆசான் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"நல்லாக் கழுவுனீங்கதானே டீச்சர்?"

"பக்கத்துலதானே நின்னீங்க."

"மருந்து உள்ளே இல்லையே. பின்னே யாராக்கும் காப்பாத்துனது?"

"கடுக்காய்க்கு அந்தத் துவர்ப்பு எதுக்கு ஆசானே? உங்க தங்கச்சிக்காகவா?"

"இல்ல. கடிக்க வர்ற பூச்சிக்கு."

"பூச்சிக்கு அது என்ன?"

"விஷம்." சொன்ன பிறகுதான் தன் வாயில் வந்தது அவருக்கே கேட்டது.

"இந்தச் செல்லுக்கும் அப்படித்தான் பட்டிருக்கும். ஒரு சொட்டு நாக்குல பட்டதும், பெருசா ஏதோ வருதுன்னு எழுந்து, வேண்டியதையெல்லாம் தானே செஞ்சு வச்சிருக்கு. நிஜ விஷம் வந்தப்ப உங்க கடுக்காய் அங்க இல்ல. செல்லு மட்டும்தான் இருந்துச்சு."

ஆசான் மறுபடி குனிந்தார். கண்ணாடிக்குக் கீழே, பெயர் தெரியாத ஒரு பிள்ளையின் செல்கள்.

"ஞானப்பூ காலுக்குள்ளயும் உங்க ஆளுங்கதான் இருக்காங்க" என்றார் அவற்றிடம், மிகத் தாழ்ந்த குரலில். "அவங்களையும் கொஞ்சம் எழுப்பி விடுங்க."