இளைப்பாறு மண்டபத்து வரிசை

எந்த நாடு, எந்த ஆண்டு என்றெல்லாம் கேட்காதீர்கள். முன்னொரு காலத்தில் கடலோரமாக ஒரு நாடு இருந்தது. அதை மாறவழுதி என்ற அரசன் ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒன்றைக் கட்டச் சொல்லிவிட்டு, மாலையில் அதிலிருந்து வருமானம் எவ்வளவு வரும் என்று கேட்கிற குணம் அவனுக்கு இருந்தது.

அந்த நாட்டுத் துறைமுகத்தில் படகுகள் காற்றைப் பார்த்துத்தான் கிளம்பும். காலையில் வந்த பயணிக்கு உச்சிப்பொழுதில் படகு கிடைக்கலாம், சாயங்காலமும் ஆகலாம். அதுவரை வெயிலில் காய வேண்டியதுதான். இதைப் பார்த்து இரங்கிய அரசன், துறைமுகத்தில் ஓர் இளைப்பாறு மண்டபம் கட்டினான். குளிர்ந்த கல்தரை, சாய்ந்துகொள்ள மெத்தை, விசிறி போட ஆட்கள், சுடச்சுட வெண்பொங்கல். அறுபது பேர் தாராளமாகக் கால் நீட்டலாம்.

பொக்கிஷ அமைச்சர் விசயநாதர் இதை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"அரசே, இவ்வளவு சுகத்தைச் சும்மா கொடுத்தால் யாரும் மதிக்க மாட்டார்கள். செப்பு முத்திரை ஒன்று செய்வோம். ஆண்டுக்கு ஐந்து பொன். முத்திரை உள்ளவருக்கு மட்டும் அனுமதி" என்றார்.

முதல் ஆண்டில் நாற்பது பேர் வாங்கினார்கள். ராஜ வாழ்க்கை வாழ்ந்தார்கள். அதைப் பார்த்து மறு ஆண்டில் இருநூறு பேர் வாங்கினார்கள். அமைச்சர் விலையைப் பத்துப் பொன் ஆக்கினார். விலை ஏறியதும், ஏதோ பெரிய விஷயம் போலிருக்கிறது என்று இன்னும் முந்நூறு பேர் வாங்கினார்கள். பிறகு பட்டுக்கடைக்காரர்களோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். முப்பது சேலை எடுத்தால் ஒரு முத்திரை இலவசம். சேலைக்கான விலை கடைக்கு, முத்திரைக்கான விலை கடையிடமிருந்து பொக்கிஷத்துக்கு.

நான்காம் ஆண்டில் முத்திரை இருபத்தைந்து பொன். ஊரில் தொள்ளாயிரம் முத்திரைகள் புழங்கின. மண்டபத்தில் இடம் மட்டும் அதே அறுபது பேருக்குத்தான். வெண்பொங்கல் அவலாகி, அவல் பொரியாகிவிட்டது. விசிறி வேண்டுமென்றால் தனிக் கட்டணம். இரண்டு நாழிகைக்கு மேல் யாரும் உள்ளே இருக்கக் கூடாது என்று ஒரு பலகை மாட்டினார்கள். வாசலில் வரிசை நின்றது. படகுக்கு நிற்கிற வரிசையைவிட மண்டபத்துக்கு நிற்கிற வரிசை நீளமாக இருந்தது. அந்த வரிசையில் நின்றே படகைத் தவறவிட்டவர்கள் உண்டு.

ஒருநாள் அரசியின் அண்ணன் விருந்துக்கு வந்தார். அவரிடமும் முத்திரை இருந்தது. ஊர் திரும்புகிற அன்று வரிசையில் நின்று, படகை விட்டுவிட்டு, முகம் சிவக்க அரண்மனைக்கே திரும்பி வந்துவிட்டார். அன்று இரவு அரசி மாறவழுதியோடு பேசவில்லை.

மறுநாள் சபையில் அரசன் ஆணையிட்டான்.

"வரும் பௌர்ணமி முதல், முத்திரை வைத்திருப்பவர் ஒருவர்கூட மண்டபத்துக்கு வெளியே நிற்கக் கூடாது. ஆனால் மண்டபத்தை ஒரு முழம்கூடப் பெரிதாக்கக் கூடாது. அரண்மனை மாடத்திலிருந்து கடல் தெரியாமல் போய்விடும். விற்ற முத்திரை ஒன்றையும் திரும்ப வாங்கக் கூடாது. அது நம் வாக்கு. எழுத்தரே, சொன்னது சொன்னபடி எழுதும். விசயநாதரே, செய்து முடித்துக் காட்டும்."

விசயநாதருக்கு வியர்த்தது. ஆனால் அவர் கெட்டிக்காரர். சபையின் ஓரத்தில், தூணில் சாய்ந்தபடி ஒருவர் கொட்டாவி விட்டதைக் கவனித்துவிட்டார். அவர்தான் தாண்டவர், அரசவை விகடகவி. இருபத்தெட்டு ஆண்டுகளாக அரசனைச் சிரிக்க வைத்துச் சிரிக்க வைத்துக் களைத்துப்போனவர். அரசன் அவரிடம் காட்டும் பிரியத்தைப் பார்க்கும்போதெல்லாம் விசயநாதருக்கு நெஞ்செரியும்.

"அரசே, இது என் போன்ற கணக்குப் புத்திக்கு எட்டாதது. தாண்டவரின் சாதுரியத்துக்கு இது ஒரு பொழுது வேலை. அவர் முடித்துக் காட்டினால் நாடே மெச்சும். முடியாவிட்டால்..." என்று இழுத்தார்.

"முடியாவிட்டால்?"

"சாதுரியம் தீர்ந்துவிட்டது என்று பொருள். அரண்மனை கொடுத்திருக்கும் வீட்டையும் பதவியையும் இளையவர் ஒருவருக்கு விட்டுக்கொடுப்பதுதானே முறை?"

அரசனுக்கு வேடிக்கை பார்க்கும் ஆசை வந்துவிட்டது. "என்ன சொல்கிறீர், தாண்டவரே?"

தாண்டவர் மெதுவாக நிமிர்ந்து நின்றார். "முடியாது என்று சொன்னால் இன்றே வீடு போகும். சரி என்று சொன்னால் பௌர்ணமிக்குப் போகும். ஒன்பது நாள் கூடுதலாகக் கிடைக்கிறது. சரி, அரசே."

அரசன் சிரித்தான். தாண்டவர் சிரிக்கவில்லை.

வீட்டில் அவர் மனைவி நடந்ததைக் கேட்டாள். "பதவி போனாப் போகட்டுமுங்க. இந்த வயசுல வாடகைக்கு வீடு தேடிக்கிட்டு எங்க அலையிறது?" என்றாள். அவர் அங்கவஸ்திரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு துறைமுகத்துக்கு நடந்தார்.

மண்டபத்து வாசலில் வரிசை வளைந்து வளைந்து கிடந்தது. தாண்டவரும் போய்க் கடைசியில் நின்றார். அவருக்கு முன்னால் கருவாட்டுக் கூடையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். ஒரு காலைத் தூக்கி மறு காலின் மேல் வைத்துக்கொண்டு, பிறகு மாற்றி வைத்துக்கொண்டு நின்றாள். இரண்டு பாதங்களும் வீங்கியிருந்தன. பெயர் அங்கம்மை. வாரத்துக்கு இரண்டு தடவை தீவுக்குப் போய் வருகிறவள்.

"ரொம்ப நேரமா நிக்கிறியாம்மா?" என்று கேட்டார் தாண்டவர்.

"இன்னிக்கா, இந்த வருசம் பூராவா?"

"முத்திரை வாங்கியிருக்கியே?"

"தோட்டை வித்து வாங்குனேன் சாமி. கால்ல நீர் கோத்துக்குது, நிக்காதேன்னு வைத்தியர் சொன்னாரு. உக்காரலாமேன்னு வாங்குனேன். வாங்குனதுலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கேன்." அவள் கூடையை இறக்கி வைத்தாள். "அதுக்கு முன்னாடியாவது அந்தப் புன்னை மரத்தடியில மண்ணுல குந்துவேன். இப்ப வரிசை போயிருமேன்னு அதுவும் முடியல."

"அப்படின்னா எதுக்கு இந்த வரிசை? போய் உக்காந்துக்கயேன்."

"இருபத்தஞ்சு பொன்னு குடுத்திருக்கேனே சாமி! விட்டுட்டுப் போக மனசு வருதா?"

அந்த நேரம் துறையில் சங்கு ஊதினார்கள். தீவுப் படகு கிளம்பும் சங்கு. அங்கம்மை கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, வீங்கிய காலோடு ஓடினாள். மண்டபத்திலிருந்து படகுத்துறை முந்நூறு அடி தூரம். பாதி தூரம் போவதற்குள் படகு கயிற்றை அவிழ்த்துவிட்டது. அவள் திரும்பி வந்தபோது வரிசையில் அவள் இடமும் போயிருந்தது. அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. கடைசியில் போய் நின்றாள்.

"எனக்கு மண்டபம் எதுக்கு சாமி? குந்த ஒரு இடம், குடிக்க ஒரு வாய் மோரு. அவ்வளவுதான்" என்றாள்.

தாண்டவர் அவளையே பார்த்தார். அரசனின் ஆணையை மனத்துக்குள் ஒரு தடவை, சொல் சொல்லாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு வரிசையை விட்டு விலகி, படகு கட்டும் தச்சர்களைத் தேடிப் போனார்.

பௌர்ணமி வந்தது. படகுகள் அதிகம் கிளம்பும் நாள். விசயநாதர் விடியும்போதே வந்துவிட்டார். அவர் சும்மா வரவில்லை. ஊரில் வேலையில்லாமல் திரிந்த ஐம்பது பேரைப் பிடித்து, ஆளுக்கொரு முத்திரையும் கொஞ்சம் பணமும் கொடுத்து அழைத்து வந்திருந்தார்.

"அரசர் வரும்வரை வாசலில் நிற்க வேண்டும். யார் என்ன சொன்னாலும் நகரக் கூடாது. அவ்வளவுதான் வேலை" என்றார்.

"நிக்கிறதுக்குக் கூலியா! நின்னுட்டாப் போச்சு" என்றார்கள் அவர்கள்.

புன்னை மரங்களின் கீழே, படகுத்துறையை ஒட்டி, தாண்டவர் பெஞ்சுகள் போட்டிருந்தார். உடைந்த படகுகளின் பலகைகள்தான். மேலே கிழிந்த பாய்மரத் துணிகளை நிழலுக்கு இழுத்துக் கட்டியிருந்தார். நாலு பானை நீர்மோர். முத்திரை கேட்க ஆள் இல்லை. வருகிறவர்கள் உட்கார்ந்தார்கள். படகு கண்ணெதிரே தெரிந்ததால் யாருக்கும் பதற்றமும் இல்லை. காலையிலேயே வந்த அங்கம்மை கூடையைப் பெஞ்சுக்குக் கீழே தள்ளிவிட்டுக் கால்களை நீட்டிக்கொண்டாள்.

அரசன் காலையில் வருவதாகச் சொல்லியிருந்தான். அரசர்கள் சொன்ன நேரத்துக்கு எப்போது வந்தார்கள்? வெயில் ஏறியது. வாசலில் நின்ற ஐம்பது பேரும் முதலில் பேசிச் சிரித்தார்கள். பிறகு பேச்சு நின்றது. ஒருவன் தூணில் சாய்ந்தான். ஒருவன் புன்னை நிழலைப் பார்த்தான். அங்கே யாரோ மோர் குடித்துவிட்டு ஏப்பம் விட்டார்கள்.

"ஒரு வாய் குடிச்சிட்டு வந்துர்றேன்" என்று ஒருவன் போனான். குடித்தான். பெஞ்சின் நுனியில் சும்மா உட்கார்ந்து பார்த்தான். திரும்பி வரவில்லை. அவனைக் கூப்பிடப் போனவனும் வரவில்லை. மூன்றாவதாகப் போனவர் வயதானவர், உட்கார்ந்தவுடன் தூங்கிவிட்டார்.

உச்சிப்பொழுதில் அரசனின் பல்லக்கு வந்து இறங்கியபோது மண்டபத்து வாசலில் ஒரு வரிசையும் இல்லை. உள்ளே நாலைந்து வணிகர்கள் மெத்தையில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தார்கள். மரத்தடியில் இருநூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் விசயநாதர் மட்டும் தலைப்பாகை கலைய நின்றுகொண்டு, "எழுந்திருங்கள்! கூலி வாங்கவில்லையா? எழுந்து போய் நில்லுங்கள்!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"கூலியைத் திருப்பிக் குடுத்துர்றேங்க. முட்டி போயிருச்சு" என்றான் ஒருவன்.

அரசனைக் கண்டதும் விசயநாதர் ஓடி வந்தார். "அரசே, இது மோசடி! முத்திரை உள்ளவர்களை மண்டபத்துக்குள் சேர்க்க வேண்டும் என்பதே தங்கள் ஆணை. இவரோ எல்லாரையும் வெளியே வைத்திருக்கிறார்!"

தாண்டவர் கைகூப்பினார். "ஆணையை எழுத்தர் ஒருமுறை படிக்கட்டும், அரசே."

எழுத்தர் ஓலையைப் பிரித்தார். "முத்திரை வைத்திருப்பவர் ஒருவர்கூட மண்டபத்துக்கு வெளியே நிற்கக் கூடாது..."

"யாரும் நிற்கவில்லை. உட்கார்ந்திருக்கிறார்கள்" என்றார் தாண்டவர். "மண்டபம் ஒரு முழம்கூட வளரவில்லை. ஒரு முத்திரையையும் நான் திரும்ப வாங்கவில்லை. ஆனால் அரசே, நான் தோற்றுவிட்டேன். ஆணையை மீறி ஒருவர் மட்டும் நின்றுகொண்டிருக்கிறார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், உட்கார மாட்டேன் என்கிறார்."

"யார் அது?"

தாண்டவர் விசயநாதரின் மார்பைப் பார்த்தார். அங்கே தங்கச் சங்கிலியில் ஒரு செப்பு முத்திரை தொங்கியது.

அரசன் முத்திரையைப் பார்த்தான். விசயநாதரின் கால்களைப் பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் அடக்கினான். பிறகு முடியாமல் பல்லக்குக் கம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பல்லக்குத் தூக்கிகளும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள்.

"ஆணையை மீறியவருக்கு என்ன தண்டனை தரலாம், தாண்டவரே? நீரே சொல்லும்."

விசயநாதரின் முகம் வெளுத்தது. காலையிலிருந்து வெயிலில் நின்றதில் அவர் உதடுகள் காய்ந்திருந்தன. அவருக்கும் அறுபது வயதாகிவிட்டது என்பதைத் தாண்டவர் அன்றுதான் கவனித்தார்.

"தண்டனை எதற்கு, அரசே? உட்காரச் சொல்லுங்கள்."

அங்கம்மை கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். "வாங்கய்யா. எவ்வளவு நேரந்தான் நிப்பீங்க?" என்று ஒரு மொந்தை மோரை நீட்டினாள். விசயநாதர் அரசனைப் பார்த்தார், மோரைப் பார்த்தார், உட்கார்ந்தார். ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

சற்று நேரத்தில் தீவுப் படகின் சங்கு ஊதியது. அங்கம்மை எழுந்து, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, ஓடாமல் நடந்து போய் ஏறினாள்.

அரசனும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். "அது சரி தாண்டவரே, இங்கே இவ்வளவு சுகம் சும்மா கிடைத்தால், வரும் ஆண்டில் முத்திரையை யார் வாங்குவார்?" என்று கேட்டான்.

"அமைதி வேண்டும் என்கிறவர்கள் வாங்குவார்கள். இப்போதுதான் மண்டபத்தில் அது இருக்கிறது. அறுபது பேர் சாயும் இடத்துக்கு அறுபது முத்திரை விற்றால் போதும், அரசே."

அரசன் தலையாட்டினான். "அறுபது போதும்" என்று எழுத்தரிடம் சொன்னான். பட்டுக்கடை ஏற்பாட்டையும் நிறுத்தச் சொன்னான். தாண்டவரின் வீட்டை அவருக்கும் மனைவிக்கும் ஆயுள் முழுக்கச் சொந்தமாக்கினான். பிறகு கழுத்திலிருந்த முத்து மாலையைக் கழற்றினான்.

"இதை வாங்கிக்கொள்ளும். இன்னும் என்ன வேண்டும், கேளும்."

"பத்து நாள் விடுப்பு வேண்டும், அரசே."

"விடுப்பா! பத்து நாள் நீர் இல்லாமல் நான் எப்படிச் சிரிப்பது?"

"சிரிக்க வேண்டாம், அரசே. நீங்களும் கொஞ்சம் ஓய்வெடுங்கள். மண்டபம் காலியாகத்தானே இருக்கிறது."

அரசன் மறுபடியும் சிரித்தான். இந்த முறை சத்தமில்லாமல், ஒரு பெருமூச்சோடு. இருபது நாளாக எடுத்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி மண்டபத்துக்குள் போனான். அன்று மாலைவரை அரண்மனையில் அவனைத் தேடாத இடமில்லை.