அளவைச் சரிபார்

“நான் எழுதினதுல தப்பே இல்ல மேடம். நாளைக்கு விசாரணை. நீங்க அதை ஒரு கடிதமா எழுதித் தரணும்.”

தாணுமூர்த்தி நின்றபடியே சொன்னார். ஃபர்சானா அவரைவிடப் பதினோரு வயது இளையவர். ஆனாலும் கம்ப்யூட்டர் ப்ரோகிராம் எழுத அவர் கற்றுக்கொண்டது ஃபர்சானாவிடம்தான்.

“உக்காருங்க சார். என்ன நடந்துச்சு?”

மருத்துவமனைகளில் நோயாளியின் நரம்பில் மருந்து ஏற்றும் கருவி ஒன்று. அதற்கான ப்ரோகிராமை எழுதியவர் தாணுமூர்த்தி. அவர் வேறு பிரிவுக்கு மாறிய பிறகு, ஜெனிஷா என்ற பெண் அதன் பொறுப்பை எடுத்துக்கொண்டாள்.

போன மாதம், அறுவை முடிந்து படுத்திருந்த பொன்னுத்தாய்க்கு வலி மருந்து இரண்டு மடங்கு ஏறிவிட்டது. பீடி சுற்றும் தொழிலாளி அவர். மூச்சு நின்றபோது பக்கத்தில் கணவர் இருந்தார்.

“என் ப்ரோகிராம்ல ‘அளவைச் சரிபார்’னு ஒரு பகுதி இருக்கு. அந்தப் பேரை எழுதிக் கூப்பிட்டா அது ஓடும். ஒரு தடவைதான் கூப்பிடணும். ஜெனிஷா ரெண்டு தடவை கூப்பிட்டுட்டா.”

“ஏனாம்?”

“பாதுகாப்புக்காம். இன்னொரு தடவை சரிபார்த்துட்டா நல்லதுன்னு நெனைச்சாளாம்.”

“ரெண்டு தடவை சரிபார்த்தா மருந்து ஏன் கூடுது?”

தாணுமூர்த்தி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

“அது சரிபார்த்துட்டு, மருந்தையும் ஏத்திரும்.”

ப்ரோகிராமை அச்சடித்துக் கொண்டுவந்த காகிதக் கட்டை நீட்டினார். ஃபர்சானா அந்தப் பகுதி இருந்த பக்கத்தைத் தேடி எடுத்து, மேசைமேல் வைத்து, உள்ளங்கையால் மூடினார். மேல் வரி மட்டும் தெரிந்தது.

“படிங்க.”

“அளவைச் சரிபார்.”

“இது என்ன செய்யும்?”

“கையை எடுத்தீங்கன்னா...”

“எடுக்காம சொல்லுங்க.”

“அளவைச் சரிபார்க்கும்.”

ஃபர்சானா தலையசைத்தார்.

“உள்ள என்ன இருக்குன்னு அவ படிச்சிருக்கலாம்ல மேடம்?”

“மொத்தம் இப்படி எத்தனை பகுதி?”

“ஆயிரத்து இருநூறு இருக்கும்.”

பக்கத்தை மூடியிருந்த ஃபர்சானாவின் கை நகரவில்லை.

தாணுமூர்த்தியின் குரல் தாழ்ந்தது. “மொதல்ல அது சரிபார்க்க மட்டும்தான் செஞ்சுது. ஏத்துற வரியை அப்புறமாத்தான் அதுக்குள்ள சேர்த்தேன்.”

“பேரை மாத்தலையா?”

“எனக்குத்தான் தெரியுமேன்னு விட்டுட்டேன்.”

“ரெண்டையும் தனித்தனியா எழுதி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு வச்சிருந்தா எவ்வளவு நேரம் ஆயிருக்கும்?”

“பத்து நிமிஷம்.”



வெளியே யாரோ வண்டியைக் கிளப்பப் பார்த்தார்கள். அது கிளம்பவில்லை. மறுபடி உதைத்தார்கள்.

“ஜெனிஷா இப்ப எங்க இருக்காங்க?”

“வீட்லதான். வேலைய விட்டு நிறுத்திட்டாங்க. கேஸ் போடுவாங்கன்னு பேச்சு. அவ சாப்பிடறதே இல்லைன்னு அவங்க அப்பா சொன்னாரு.”

ஃபர்சானா கையை எடுத்துவிட்டு, காகிதக் கட்டை அவர் பக்கம் தள்ளினார்.

“நான் எழுதித் தரல சார். நீங்களே பேசுங்க.”

மறுநாள் விசாரணை அறையில் பத்துப் பேர்கூட இல்லை. பொன்னுத்தாயின் கணவர் கடைசி நாற்காலியில் இருந்தார். பேசப்படும் எதுவும் அவருக்குப் புரியவில்லை. பேசுகிறவர்களின் முகத்தை மட்டும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெனிஷா நிமிரவே இல்லை.

அதிகாரி தாணுமூர்த்தியிடம் கேட்டார்: “அந்தப் பகுதியை ரெண்டாவது தடவை கூப்பிட்டது இந்தப் பெண்தானே?”

“ஆமா சார்.”

“அப்ப ரெண்டாவது மருந்தைக் கொடுத்தது இவங்கன்னு எழுதிக்கலாமா?”

தாணுமூர்த்தி கடைசி நாற்காலியைப் பார்த்தார்.

“இந்தப் பொண்ணு சரிபார்க்கத்தான் சொல்லுச்சு சார். கொடுத்தது நான்.”