இளையவன் பிரித்த பாகம்

“நான் பிரிச்ச பாகத்துல குறை இருந்தாச் சொல்லுங்க சாமி” என்றார் செங்கோடன்.

கரட்டுக் குன்றின் அடியில் குடிசை போட்டிருந்த அந்தச் சாமிக்கு நாற்பது வயது இருக்கும். கேட்டவருக்கு ஐம்பத்து நான்கு. சாமி முறத்தில் கொள்ளுப் பயறைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“குறை சொல்ல நான் யாரு? எட்டு ஊர்லயும் பாகம் பிரிக்கணும்னா உங்களைத்தான் கூப்பிடறாங்களாமே.”

“அதுதான் சாமி தாங்க முடியல.”

அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்துக் குடியானவர்களிடம் ஒரு முறை இருந்தது. பெண்மக்களுக்குச் சீரோடு சரி. தகப்பன் போன பிறகு மூத்தவன் நிலத்தை இரண்டாகப் பிரிப்பான். இளையவன் முதலில் எடுத்துக்கொள்வான். மிஞ்சியது மூத்தவனுக்கு. தனக்கு எது மிஞ்சும் என்று தெரியாதவன் ஒழுங்காகத்தான் பிரிப்பான் என்று பெரியவர்கள் நம்பினார்கள்.

செங்கோடனும் மூன்று வருடத்துக்கு முன் அப்படித்தான் பிரித்தார். ஒரு பக்கம், கிணற்றோடு மூன்று ஏக்கர் தோட்டம். மறுபக்கம், வானத்தை நம்பிய ஏழு ஏக்கர் மேட்டாங்காடும் பழைய வீடும். ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேர் சுற்றி வந்து பார்த்துச் சரி என்றார்கள். தம்பி நாச்சிமுத்து யோசிக்கவே இல்லை. மேட்டாங்காட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

“அப்புறம் மழையே இல்ல சாமி. அவன் காட்டுல ஒரு கதிர் நிக்கல. மாட்டை வித்தான். போன மாசம் அம்மா போயிட்டா. பாடை தூக்கறப்ப அவன் கை என் கைமேல பட்டுது. கையா அது, கள்ளி மாதிரி இருந்துச்சு. அன்னிலேருந்து எனக்குச் சோறு இறங்கல.”

“அவர் ஏதாவது சொன்னாரா?”

“சொன்னாத் தேவலையே. அண்ணன் தர்மமாத்தான் பிரிச்சாரு, என் நேரம் இப்படிங்கறான்.”

“மேட்டாங்காட்டை ஏன் எடுத்தாராம்?”

“வீடு அந்தப் பக்கம். அம்மா அங்கதான் கை கால் வராமப் படுத்திருந்தா.”

“வீட்டை நகர்த்த முடியாது, சரி. அம்மாவைத் தோட்டத்துக்குத் தூக்கிட்டுப் போயிருக்கலாமே?”

செங்கோடன் தரையைப் பார்த்தார்.

“வீட்டை எடுக்கறவன் அம்மாவைப் பாத்துக்கணும்னு பேச்சு.”

“யாரு பேச்சு?”

“நான் வச்ச பேச்சு.”

“வைக்கும்போது அவர் எதை எடுப்பார்னு தெரியுமா?”

ஒரு கல் முறத்தின் ஓரத்துக்கு வந்தது. சாமி அதை எடுத்து எறிந்தார். பிறகு இன்னொன்று.

“தெரியும்” என்றார் செங்கோடன்.

சாமி முறத்தை ஒருதரம் புடைத்தார்.

“சாமி, தோட்டத்தை அவனுக்கே விட்டுடறேன். உங்ககூட இங்கயே கிடந்துடறேன்.”

“அப்பவும் நீங்கதானே பிரிக்கறீங்க?”

“வேற என்னதான் பண்ணட்டும்?”

“மறுபடி பிரிங்க. இந்தத் தடவை அவர் பிரிக்கட்டும். நீங்க எடுங்க.”

“மோசமான பக்கத்தை நான் எடுத்துக்கணும், அதானே?”

“அதையெல்லாம் நான் சொல்லல.”

சாமி முறத்தைத் தட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

செங்கோடனுக்கு வழியெல்லாம் மனசு லேசாக இருந்தது. இவ்வளவுதானா என்று பட்டது. தம்பி எப்படிப் பிரித்தாலும் ஒரு பக்கம் கொஞ்சம் மட்டமாக இருக்கும். அதை எடுத்துக்கொண்டால் தீர்ந்தது.

நாச்சிமுத்துவுக்கு ஒன்றும் புரியவில்லை.

“எதுக்குண்ணா? நீங்க பிரிச்சது நல்லாத்தானே இருந்துச்சு. மழை பெய்யாததுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?”

“என் மனசு கேக்கல தம்பி. நீ பிரி.”

“எனக்கு அந்த சூட்சுமமெல்லாம் தெரியாதுங்ண்ணா.”

“தெரிஞ்ச மாதிரி பிரி.”

அவரவர் குடியிருக்கிற வீடு அப்படியே இருக்கட்டும், நிலத்தை மட்டும் பிரிக்கிறேன் என்றான் நாச்சிமுத்து. விடிந்ததும் கயிறும் முளைக்குச்சியுமாக இறங்கினான். தோட்டத்தை நடுவில் பிளந்தான். மேட்டாங்காட்டையும் நடுவில் பிளந்தான். கிணறு ஆளுக்கு ஒரு நாள் என்றான். தென்பாதியில் பாறை கொஞ்சம் துருத்திக்கொண்டிருந்தது. அதற்கு ஈடாகக் கயிற்றைப் பத்து முழம் வடக்கே தள்ளிக் கட்டினான். ஒரு முளையைப் பிடுங்கி, தள்ளி நின்று பார்த்து, ஒரு சாண் மாற்றி அடித்தான். உச்சி வேளைக்கு முடிந்தது.

“எடுத்துக்குங்கண்ணா. வடக்கா, தெக்கா?”

செங்கோடன் நடந்தார். வடக்கில் மண்ணை அள்ளி முகர்ந்தார். தெற்கில் அள்ளினார். வரப்பை அடியால் அளந்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். வேலியோரம் போய் நின்றார், திரும்பி வந்தார். எந்தப் பக்கம் மட்டம் என்று தெரியவில்லை. மறுபடி முதலிலிருந்து நடந்தார்.

கூழ் கொண்டுவந்த நாச்சிமுத்துவின் மனைவி வரப்பில் சட்டியோடு நின்று பார்த்தாள். “ஏனுங்க, உங்கண்ணன் நிலம் பாக்கறாரா, இல்ல மகனுக்குப் பொண்ணு பாக்கறாரா? கூழ் புளிச்சுப் போகுது” என்று புருஷனிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

வெயில் சாய்ந்தது. செங்கோடனின் வேட்டி முழங்கால் வரை செம்மண்ணாகியிருந்தது. இப்படி இருக்க முடியாது என்று அவருக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. எத்தனை குடும்பத்துக்குப் பிரித்திருக்கிறார்! எங்கோ ஏதோ இருக்கும். தன் கண்ணுக்குத்தான் படவில்லை.

கயிற்றருகே வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

“தம்பி, எதுல வச்சிருக்கே?”

“எதைங்ண்ணா?”

“எதுக்காக நான் ஒரு பக்கத்தை எடுப்பேனோ, அதை.”

நாச்சிமுத்து சிரித்தான். “என்னண்ணா பேசறீங்க, பாகத்துல போய் யாராவது அப்படி…”

பாதியில் நிறுத்தினான். அண்ணன் முகத்தைப் பார்த்தான். மெதுவாகத் திரும்பிப் பழைய வீட்டைப் பார்த்தான்.

அங்கிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டான்.

“அம்மாவையா வச்சீங்கண்ணா?”