ஈடு வச்ச கரண்டி

பட்டமுத்து கல்யாண வீட்டு சமையல்காரர். உள்பக்கம் ஈயம் தேஞ்சுபோன பித்தளை அண்டான்னு கவனிக்காம, ஒரு கல்யாணத்துல மோர்க்குழம்ப ஊத்தி வச்சுட்டார். களிம்பு ஏறிருச்சு. பதினோரு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. பதினோரு பேரும் பொழச்சு வீட்டுக்குப் போயிட்டாங்க. இவர் போகல. கரண்டிய துணியில சுத்திக் கட்டிக்கிட்டு மடத்துல வந்து சேர்ந்தார். ஆறு வருஷமா தண்ணி எறைக்கிறதுதான் வேலை. அடுப்புப் பக்கம் தலை வச்சுப் படுக்கல.

மடத்துச் சாமி அவரவிட பதினஞ்சு வயசு எளையவர். சமையலும் சாமிதான். யாரும் ரெண்டாவது தடவ சோறு கேட்டதில்ல.

ஒரு நாள் காலையில பட்டமுத்து கேட்டார்.

"சாமி, தெனமும் பாட்டுல மீட்பு மீட்புன்னு பாடுறோமே. அப்படின்னா என்ன?"

"எனக்கும் சரியாத் தெரியல அண்ணாச்சி. மொதல்ல தண்ணி எறைங்க."

எறைக்கும்போது கயிறு அறுந்து வாளி கெணத்துக்குள்ள போயிருச்சு.

கெணத்துல விழுந்தத தேடி எடுக்குற கொக்கிக் கொத்து, பாதாளக்கரண்டி, அந்தத் தெருவுல சொர்ணத்தாயி வீட்டுல மட்டும் உண்டு. எதையாவது ஈடு வச்சாத்தான் தருவா. சாமியே போய் வாங்கிட்டு வந்தார்.

ஒரு மணி நேரம் துழாவுனாங்க. வாளி வந்துச்சு, நெளிஞ்சு, சேறு அப்பிப்போயி. சாமி அதக் கழுவி, வேற கயித்துல கட்டி, திரும்பவும் உள்ள எறக்கினார்.

"மறுபடியும் அதே கெணத்துலயா சாமி?"

"பின்ன, சாமி படத்துக்குப் பக்கத்துலயா வைக்கிறது?"

தண்ணி வந்துச்சு.

"கொக்கியக் குடுத்துட்டு ஈட்ட மீட்டுட்டு வாங்க அண்ணாச்சி."

"என்னத்த வச்சீங்க?"

"உங்க கரண்டிய."

பட்டமுத்து மொகம் சுண்டிப்போச்சு.

"அத ஏன் தொட்டீங்க? நான் மீட்க மாட்டேன். அங்கயே கெடக்கட்டும்."

"கெடக்கட்டும். சொர்ணத்தாயி அதுல சாணி கரைக்கலாமான்னு கேட்டா."

பட்டமுத்து ஓடினார். அவர் ஓடி அந்தத் தெரு பாத்ததில்ல.

திரும்பி வரும்போது கரண்டிய வேட்டியால தொடச்சுக்கிட்டே வந்தார். சுத்தியிருந்த துணியக் காணோம். அடுப்பங்கரை வாசல்ல நின்னுட்டார்.

"திரும்பவும் தப்பு நடந்துட்டா சாமி?"

சாமி வெளிய வந்து அவருக்கு வழி விட்டார்.

"அண்டாவுக்குப் போன வாரமே ஈயம் பூசியாச்சு. மோரும் புளிச்சிருக்கு. உள்ள ஒரு தடவ பாத்துட்டு ஊத்துங்க."