மணல்காட்டிலிருந்து வரும் பதில்

சம்மனசுக்கு வயது முப்பத்தொன்று. அவளிடம் பாடம் படிக்க வந்த ஆவுடையப்பனுக்கு ஐம்பத்தாறு.

அவர் முப்பது வருஷம் அணைக்கட்டு அபாயச் சங்குகளுக்கு மெக்கானிக்காக இருந்தவர். அந்தச் சங்கு ஊதினால் மூன்று ஊர் தள்ளிச் சினைமாடு கன்று போட்டுவிடும் என்பார். ஒரு மாடு இரட்டைக் கன்று போட்டதும் உண்டாம்.

இப்போது சங்கைக் கம்ப்யூட்டர் ஊதுகிறது. அதைக் கற்றுக்கொள்ளத்தான் வந்திருந்தார்.

கம்ப்யூட்டருக்குள் மொத்தம் பதினேழு புராஜெக்ட், ஆளுக்கொரு வேலை செய்யும் நிரல்கள். மழையை அளக்க ஒன்று, நீர்மட்டம் பார்க்க ஒன்று, சங்கு ஊத ஒன்று என்று அது பாட்டுக்குப் போகும். ஒவ்வொன்றும் தனக்கு முன்னால் யார் எழுந்திருக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கும். பச்சைப் பொத்தானை அமுக்கினால் அந்த வரிசையில் எல்லாம் எழுந்து ஓட வேண்டும்.

ஆடி அமாவாசையன்று காலையில் அணைக்கட்டு ஆபீசில் ஆவுடையப்பன் பொத்தானை அமுக்கினார். ஒன்றும் எழவில்லை.

மூன்று மணிக்கு மதகு திறக்கப்போகிறார்கள். கீழே அம்மன் துறை முழுக்க ஜனம், செத்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டு. அவருடைய தங்கை பேச்சியம்மாளும் பேரப்பிள்ளைகளோடு அங்கேதான் இருந்தாள். சங்கு கேட்டால்தான் கரையேறுவார்கள்.

"டீச்சர், இந்தப் பதினேழாவது வழிய மறிச்சுக்கிட்டு நிக்குது."

"அது என்ன செய்யுது அண்ணாச்சி?"

"ஒரு வேலையும் செய்யல. 'இருக்கியா?'ன்னு கேக்குது. 'இருக்கேன்'னு பதில் வந்தா மத்த பதினாறையும் விடுது. இன்னைக்குப் பதிலக் காணோம்."

"யாரைக் கேக்குது?"

ஆவுடையப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மணல்காட்டுச் சங்குக் கம்பத்தை."

"சரி."

"என்ன சரி? அந்தக் கம்பத்தை வெள்ளம் கொண்டுட்டுப் போயி பதினோரு வருஷம் ஆச்சு. அங்க ஊரே இல்ல. வயரும் இல்ல, கரண்டும் இல்ல."

"நேத்து வரைக்கும் பதில் வந்துச்சே."

அவர் பதினேழாவதன் பெயர்மேல் விரலை வைத்தார். "எடுத்துடட்டா?" என்றார்.

"எடுத்துப் பாருங்க."

வரிசையிலிருந்து அதன் பெயரை அழித்தார். பதினாறு புராஜெக்டுகளுக்குள்ளும் போய், அதை நம்பியிருந்த வரியை வெட்டினார். பொத்தானை அமுக்கினார். பந்திக்குக் கூப்பிட்டதுபோல் பதினாறும் எழுந்தன. திரை முழுக்கப் பச்சை.

"பாத்தியளா டீச்சர்!"

பன்னிரண்டு மணிக்குச் சோதனைச் சங்கு. 'அம்மன் துறை: ஊதியாச்சு' என்றது திரை.

போன் அடித்தது. பேச்சியம்மாள்.

"யண்ணே, பன்னெண்டு மணிக்குச் சங்கு ஊதும்னியே, எங்க?"

"இப்பத்தானம்மா ஊதிச்சு."

"எங்க ஊதிச்சு? உன் காதுக்குள்ளயா?"

போனை வைத்தார். சம்மனசு பதினேழாவதைப் பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைத்தாள். பொத்தானை அமுக்கினாள்.

'இருக்கியா?'

மின்விசிறிச் சத்தம் மட்டும். பிறகு எழுத்துகள் வந்தன. தட்டிப் பழக்கமில்லாத விரல் தட்டுவதுபோல், ஒவ்வொன்றாக.

'கேக்கிறது யாரு?'

"டீச்சர், நீங்களா அடிக்கிறிய?"

சம்மனசு இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். "பேரைச் சொல்லுங்க அண்ணாச்சி."

தட்டினார். 'ஆவுடையப்பன். சங்கு மெக்கானிக்.'

அறைக்குள் ஆற்றுச் சகதி வாடை வந்தது. ஜன்னலெல்லாம் அடைத்துத்தான் இருந்தது.

'இந்தத் தடவை வந்து பாத்தியா?'

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"எந்தத் தடவை போகாம இருந்திய?" என்றாள் சம்மனசு.

"வெள்ளத்துக்கு முந்தின நாள். நல்ல மழை. போகல. நோட்டுல 'மணல்காட்டுச் சங்கு சரி'ன்னு எழுதிட்டேன்." எச்சில் விழுங்கினார். "சங்கு ஊதல. நாலு பேரு தண்ணியோட போயிட்டாவ."

"இன்னைக்குக் காலையில அம்மன் துறைச் சங்கு?"

"நோட்டுலதான் பாத்தேன்."

"மணி ஒண்ணாகப்போகுது அண்ணாச்சி."

பைக்கை எடுத்தார். துறைக்குப் போய்ச் சேர்ந்து, கூட்டத்துக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு கம்பத்தடிக்கு வர மணி இரண்டரை. சங்குக்குப் போகிற வயரை, துறையில் பாட்டுப் போட வந்த மைக்செட்காரன் பிடுங்கித் தன் பெட்டியில் மாட்டியிருந்தான்.

"ஏய், யாரைக் கேட்டுப் புடுங்குன?"

"சாயந்தரம் மாட்டிருவேன் சார். சங்கு சும்மாதான கெடந்துச்சு?"

பாட்டு பாதியில் நின்றது. ஆவுடையப்பன் வயரை முறுக்கி மாட்டினார். போனை எடுத்தார்.

"டீச்சர், கம்பத்துக்கு அடியிலதான் நிக்குதேன். என் கண்ணால பாத்துட்டேன். 'இருக்கேன்'னு அடிங்க."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"அடிச்சியளா?"

"நான் கையே வைக்கல அண்ணாச்சி. வந்துருச்சு."

தலைக்கு மேலே சங்கு ஊதியது. ஜனம் படியேறி ஓடியது. பேச்சியம்மாள் ஒரு பிள்ளையை இடுப்பிலும் ஒன்றைக் கையிலுமாக இழுத்துக்கொண்டு ஏறினாள். கடைசிப் படியில் நின்று திரும்பிப் பார்த்து, அண்ணனிடம் கையைக் காட்டி என்னவோ சொன்னாள். அவருக்குக் காது அடைத்துப் போயிருந்தது. பிறகு தண்ணீர் வந்தது.

அவள் சொன்னது மூன்றாம் நாள் காது திறந்த பிறகுதான் தெரிந்தது. அக்கரையில், மணல்காட்டுப் பக்கம், நாலு பேர் நின்றார்களாம். சங்கு கேட்டும் அசையவில்லையாம். இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்களாம்.

அன்று சம்மனசிடம் வந்து உட்கார்ந்தார்.

"டீச்சர், அம்மன் துறைச் சங்கையே நேரா 'இருக்கியா'ன்னு கேக்கும்படி மாத்தி எழுதிட்டேன். அதுதானே முறை?"

"அதுதான் முறை."

"அப்போ மணல்காட்டை எடுத்துடலாமா?"

"எடுக்கலாமே அண்ணாச்சி. அங்க போய், அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்து எடுங்க."