பாறையைக் காவலுக்கு வைத்த கிழக்குக் கரை

வற்றிப்போன ஏரியின் கிழக்குக் கரையில் மிருகங்கள் எல்லாம் கூடி நின்று கத்திக்கொண்டிருந்தன. நடுவில் முள்ளம்பன்றி. அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு இரண்டு குட்டிகள்.

“இன்னைக்கு நாம தோத்ததுக்கு இவதான் காரணம்!” என்றது குரங்கு.

“இவளேதான்!” என்றது முயல்.

தோற்றது எதில் என்று சொல்கிறேன், கேளுங்கள். கோடை வந்தால் அந்த ஏரியில் ஒரே ஒரு ஊற்றுதான் மிஞ்சும். கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் அதை விட்டால் வேறு தண்ணீர் கிடையாது. அடித்துக்கொண்டு சாக வேண்டாமென்று ஒரு பந்தயம் வைத்திருந்தார்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி பனங்காய் ஆட்டம். ஏரியின் இந்த முனையில் இரண்டு பனைமரம், அந்த முனையில் இரண்டு பனைமரம். அதுதான் வாசல். குரங்கு வளைந்த கம்பால் அடிக்கும், மான் குளம்பால் தட்டும், முயல் பின்னங்காலால் உதைக்கும். எதிராளி வாசலுக்குள் காயை அதிகம் தள்ளிய கரைக்கு அடுத்த பௌர்ணமி வரைக்கும் தெளிந்த தண்ணீர். தோற்ற கரைக்கு, ஜெயித்தவர்கள் குடித்துக் கலக்கி விட்ட சேறு.

கிழக்குக் கரையில் இன்னொரு வழக்கமும் இருந்தது. காயை உள்ளே தள்ளியவருக்குத்தான் ஊற்றில் முதல் மிடறு. குட்டி போட்ட தாய்கூட அப்புறம்தான்! அப்படியிருந்தால் யார் பின்னால் நிற்பார்கள்? எல்லாரும் முன்னால் ஓடிவிடுவார்கள். வாசலில் முள்ளம்பன்றி ஒருத்திதான்.

காய் வந்தால் அது முதுகைத் திருப்பும். காய் முள்ளில் குத்திக்கொண்டு நின்றுவிடும். பிடுங்கி எறியும்போது முள்ளும் சேர்ந்து பிய்ந்து வரும். ரத்தம் கசியும். யாராவது பார்த்தார்களா? பார்க்கவில்லை. முன்னால் ஓடுகிறவனுக்கு முதுகுப் பக்கம் கண் ஏது?

அன்றைக்கு மேற்குக் கரைக் காட்டுப்பன்றிகள் கூட்டமாக வந்து காயை மூக்கால் முட்டி அடித்துக்கொண்டே இருந்தன. முள்ளம்பன்றி தடுத்துக்கொண்டே இருந்தது. வெயில் உச்சிக்கு ஏறுகிற நேரத்தில் அதன் முதுகில் பாதி மொட்டை. அந்த மொட்டையில் வந்து பட்ட ஒரே ஒரு காய், குத்திக்கொள்ள முள் இல்லாமல் வழுக்கி உள்ளே போய்விட்டது.

ஒரே ஒரு காய்! அதற்குத்தான் இத்தனை கூச்சல்.

“மயிலண்ணே, நீங்க மேலேயிருந்து பாத்தீங்கல்ல, நீங்களே சொல்லுங்க” என்றது குரங்கு.

மயில் அந்தக் காயை ஒரு நாளும் காலால் தொட்டதில்லை. மரக்கிளையில் உட்கார்ந்து குறை சொல்வதுதான் அதற்கு வேலை. கழுத்தை நீட்டிக்கொண்டது.

“எனக்கு அப்பவே தெரியும். இடது பக்கம் நின்னிருக்கணும், இவ வலது பக்கம் நின்னா. அதுவுமில்லாம, வாசல்ல நிக்கிறது ஒரு வேலையா? ஓட வேணாம், தாவ வேணாம். சும்மா நிக்கிறவளுக்கு எதுக்குத் தண்ணி?”

முள்ளம்பன்றிக்கு ஆத்திரம் பொங்கியது. “சும்மாவா நிக்கிறேன்? என் முதுகைப் பாருங்க! ஏ குரங்கு, நீ இன்னைக்கு எத்தனை காய் போட்டே?”

“அது... காத்து எதிர்க்காத்து.”

“முயலு, நீ?”

“எனக்குக் கால்ல முள்ளு குத்திடுச்சு. உன் முள்ளுதான்!”

“ஒருத்தரும் ஒண்ணும் போடலை. வந்ததுல ஒண்ணு என்னைத் தாண்டிப் போச்சு. அதுக்கு நான் ஒருத்தியா பொறுப்பு? எல்லாரும் எங்கே போனீங்க?”

“வாயைப் பாரு இவளுக்கு!” என்று கத்தியது மயில். “இவளை எடுத்துட்டு ஒரு பாறையை உருட்டி வெச்சா போதும். பாறை எதிர்த்துப் பேசாது. தண்ணியும் கேக்காது!”

“ஆகா! அதான் சரி!” என்று எல்லாரும் குதித்தார்கள். முள்ளம்பன்றியும் குட்டிகளும் இனிமேல் ஊற்றுப் பக்கமே வரக்கூடாது என்று தீர்ப்பாகிவிட்டது. கொளுத்துகிற வெயிலில் பால் மறக்காத குட்டிகளோடு விரட்டினார்கள். மான் மட்டும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது. அதுவும் ஒரு குற்றம்தான்.

முள்ளம்பன்றி காய்ந்த ஏரியைக் கடந்து நடந்தது. சின்னக் குட்டி நடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டது. அப்போது ஒரு கிழட்டுக் காட்டுப்பன்றி எதிரே வந்தது. மேற்குக் கரைக்கு அதுதான் தலைவர்.

“எங்கேம்மா இந்த வெயில்ல?”

“துரத்திட்டாங்க.”

“யாரை, உன்னையா? அட பைத்தியக்காரப் பசங்களா! வா, முதல்ல புள்ளைங்களுக்குத் தண்ணி காட்டு.”

“உங்க பக்கம் நின்னு ஆடச் சொல்லுவீங்களா?”

“ஆடு, ஆடாம இரு, அது உன் இஷ்டம். எங்க பயலுங்க மூக்கைப் பாரு, அத்தனையும் உன் முள்ளு குத்தின புண்ணு. உன் அருமை அடிச்சவங்களுக்குத்தான் தெரியும்.”

குட்டிகள் ஊற்றின் தெளிந்த தண்ணீரில் மூக்கை முக்கி முக்கிக் குடித்தன. அப்புறம்தான் தாய் குடித்தது.

அடுத்த பௌர்ணமி வந்தது. கிழக்குக் கரை வாசலில் பெரிய பாறை ஒன்று உட்கார்ந்திருந்தது. ஆட்டம் தொடங்கியதும் வழக்கம்போல எல்லாரும் முன்னால் ஓடினார்கள். காட்டுப்பன்றிகள் காயைப் பாறைக்கு இடது பக்கமாகத் தள்ளின. உள்ளே போனது. வலது பக்கமாகத் தள்ளின. அதுவும் போனது. கடைசியில் அப்போதுதான் பால்குடி மறந்த பன்றிக்குட்டிகளெல்லாம் வந்து ஆளுக்கொன்று தள்ளிவிட்டுப் போயின. எண்ணுகிறவர்களுக்கே அலுத்துவிட்டது.

கிழக்குக் கரை மறுபடியும் கூடியது. நாக்கு வறண்டு, கண் சிவந்து.

“எல்லாம் இந்தப் பாறையாலதான்!” என்றது குரங்கு. “கல்லுன்னா ஒரு ரோஷம் வேணாமா?”

“அசையக்கூட இல்லையே!” என்றது முயல்.

இந்தத் தடவை மான் வாயை மூடவில்லை. “அண்ணே, காய் உள்ளே போனப்போ நாம எல்லாரும் எங்கே இருந்தோம்?”

“முன்னாடி.”

“ஏன்?”

“முதல் மிடறு...” என்று இழுத்தது குரங்கு.

“அதெல்லாம் இப்ப பேசற பேச்சா?” என்று மயில் கிளையிலிருந்து சீறியது. “பாறை சின்னது. போங்க, இதைவிடப் பெரிசா ஒண்ணை உருட்டிட்டு வாங்க!”

சேற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு, இருமிக்கொண்டே, எல்லாரும் மலைப்பக்கம் பாறை தேடப் போனார்கள்.

எல்லாரும் முன்னால் ஓடிவிட்டு, பின்னால் நின்றவர் தலையில் பழியைப் போடுகிற கூட்டம், காவலுக்கு யாரை மாற்றி வைத்தாலும் தோற்றுக்கொண்டேதான் இருக்கும்.